சைக்கிள் பாகம் நிறுக்க எந்தத் தராசு?

ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவதில் மூச்சு வாங்கும்போதுதான் வண்டியில் எங்கே நூறு கிராம் குறைக்கலாம் என்ற ஞானம் வரும். தொப்பையில் குறைக்கலாம் என்று மட்டும் தோன்றாது. அப்படித்தான் போன வருடம் டயரை மாற்றினேன். பெட்டியில் போட்டிருந்த எடை மேல் சந்தேகம். காட்பாடியில் எங்கள் தெரு மளிகைக்கடைக்கு இரண்டு டயரையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன தம்பி, டயர்ல ரசம் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டபடியே கடைக்கார அண்ணன் நிறுத்துச் சொன்னார். பழையது 385, புதியது 340. அந்தத் தராசின் தகட்டில் அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், பிரிவு (அது காட்டும் மிகச் சின்ன மாற்றம்) 5 கிராம் என்று இருந்தது. வருடாவருடம் முத்திரை வைக்கிற தராசு, டயருக்கு நம்பலாம். ஆனால் போல்ட், கேபிள் எல்லாம் அந்த 100 கிராமுக்குள் அடங்கிவிடும். தவிர, எத்தனை முறை ரசம் கேள்விக்குப் பதில் சொல்வது?

அப்புறம் வேறு மூன்று வகைத் தராசுகள் கைக்கு வந்தன. பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கும் தராசு ஒன்று நண்பரிடம் இருந்தது. 50 கிலோ வரை, 10 கிராம் பிரிவு. முழு வண்டிக்கும் சக்கரத்துக்கும் அதுதான் வசதி. சின்ன பாகத்துக்கு உதவாது. அவ்வளவுதான்.

நகைக்கடைக்காரர் பயன்படுத்துவது போன்ற சட்டைப்பை அளவுத் தராசு, 500 கிராம் வரை, 0.01 கிராம் பிரிவு. பார்க்க ஆசையாக இருக்கும். முதலில் அதைத்தான் வாங்கினேன். மே மாத வேலூரில் அதை வைத்து நிறுக்க மின்விசிறியை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். வியர்த்து ஊற்ற ஒரு போல்ட்டின் எடையை நூறில் ஒரு கிராம் வரை தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? பெடல் மாட்டும் கிராங்க் ஏறாது, டயர் உட்காராது. தட்டைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் உள்ளே எடையை உணரும் லோட் செல் கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு.

கடைசியில் நிலைத்தது சமையலறைத் தராசு. 10 கிலோ வரை, 1 கிராம் பிரிவு, சாதாரணப் பேட்டரி. 400 ரூபாய்க்குள் முடிந்தது. டயர் வைத்தால் எண் மறைந்துவிடும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, பூஜ்யமாக்கி, அதன் மேல் வைத்தால் தெரியும். பேனா தேடுவதற்குள் தானாக அணைந்துவிடுவது எரிச்சல்தான்.

நான் பார்த்தவரை இங்கே முக்கியம், அதே பொருளை எத்தனை முறை வைத்தாலும் அதே எண் வருகிறதா என்பதுதான். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதெல்லாம் அப்புறம். ஒரு பெடலை நடுவில், நான்கு மூலையில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். என்னுடையதில் மூலையில் 2 கிராம் வரை மாறுகிறது, நடுவில் மாறுவதில்லை. எண்ணே சரியா என்று பார்க்க எடைக்கல் வேண்டாம். 2011 வரிசையில் வந்த, ரூபாய்ச் சின்னம் போட்ட 5 ரூபாய் நாணயம் சரியாக 6 கிராம். பத்து வைத்தால் 60. எனக்கு முதலில் 63 வந்தது. தராசைத் திருப்பி அனுப்பவே கிளம்பிவிட்டேன். பார்த்தால் நான்கு நாணயம் 2019 வரிசை, ஒவ்வொன்றும் 6.74 கிராம். தராசு பாவம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இன்னொரு குறும்பும் உண்டு. சக்கரக் கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன மரைகளான ஸ்போக் நிப்பிள்கள் 32ஐக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பித்தளை நிப்பிள், ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். முதல் மூன்று நான்கு விழுந்தும் எண் பூஜ்யத்திலேயே நின்றது, கடைசியில் 28. மொத்தமாகக் கொட்டினால் 32. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெல்ல வரும் சின்ன மாற்றத்தைச் சூட்டால் வந்த நகர்வு என்று எடுத்துக்கொண்டு தராசே அழித்துவிடுகிறது. அதனால் சின்ன பாகங்களுக்குக் கிண்ணத்தின் எடையைப் பூஜ்யமாக்காமல் விட்டு, பின்னால் கழித்துக்கொள்கிறேன்.

எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு கோடைதான் ஆகியிருக்கிறது. விலைக் கணக்கில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். எண்ணெய் ஊறிய செயினை அதில் வைத்ததை வீட்டில் பார்த்த அன்றே அது பட்டறைக்கு வந்துவிட்டது. முறுக்கு மாவு நிறுக்கப் புதிதாக இன்னொன்று வாங்கினேன்.