எச்சரிக்கை: பிரேக் பெடல் இறங்குகிறது என்று கொடுத்த கார், 23,650 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பி வந்தது

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது என் காரின் பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. காருக்குள் என் அம்மாவும் எட்டு வயது மகனும். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான், இதே பிரேக்கைச் சரிசெய்ததற்கு 23,650 ரூபாய் கட்டியிருந்தேன். இன்று வியாழன். நான்கு நாளாக அவர்களோடு போனில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கே வந்து காரை எடுத்துப்போய் வேலை முடித்துக் கொண்டுவந்து விடும் ஆப்களை நம்புகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். பெடல் இறங்கினால் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கார் 2015 மாடல், பெட்ரோல், சின்ன கார். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாம் கிடையாது. ஒரு மாதமாகவே ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது எனக்கு ஒன்று தெரிந்தது. பிரேக்கை மிதித்தபடி காலை வைத்திருந்தால் பெடல் மெதுவாகக் கீழே நழுவும். டயரில் காற்று இறங்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல். காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலே வந்துவிடும். ஓடும்போது பிரேக் பிடிக்கத்தான் செய்தது. அதனால் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆப்பில் பதிவு செய்தேன். புதன் காலை பையன் வந்தான். சீருடை, அடையாள அட்டை, சீட்டில் அழுக்குப் படாமல் பிளாஸ்டிக் உறை, ஸ்டீயரிங்குக்குக் கூட ஒரு உறை. காரைச் சுற்றி இருபது போட்டோ எடுத்துக்கொண்டான். "மிதிச்சா இறங்குதாக்கா? மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நம்பினேன். ஏனென்றால் அவன் சொன்னது சரி! மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்தான். நோய் என்னவென்று அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மதியம் ஆப்பில் பட்டியல் வந்தது. மாஸ்டர் சிலிண்டர் புதுசு 6,900. முன் டிஸ்க் இரண்டு 5,200. முன் பேட் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பது) 2,450. பின் ஷூ (பின் சக்கர டிரம்முக்குள் உரசிப் பிடிப்பது) 1,900. பிரேக் ஆயில் ஒரு லிட்டர் 700. லேபர் 4,500. சோதனைக் கட்டணம் 1,000. எடுத்துப்போய்க் கொண்டுவந்து விட 1,000. மொத்தம் 23,650 ரூபாய். அதிகமாகத்தான் பட்டது. ஆனால் பிரேக் விஷயத்தில் பேரம் பேசக் கூடாது என்று நினைத்து 'சம்மதம்' பட்டனை அழுத்தினேன். மாஸ்டர் சிலிண்டரின் புது அட்டைப்பெட்டியை ஒருவர் கையில் பிடித்திருக்கும் போட்டோவும் அனுப்பினார்கள். பெட்டியின் போட்டோ மட்டும்தான். காரில் மாட்டிய போட்டோ இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. காரை கேட்டுக்கு வெளியே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, "மிதிச்சுப் பாருங்கக்கா" என்றான். உட்கார்ந்து படபடவென்று நாலு தடவை மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "பழைய பார்ட் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிருச்சுக்கா" என்றான். ஓடிபி கேட்டான். ஒரு ரவுண்டு கூட ஓட்டிப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது நாலு தடவை மிதித்தால் யார் காரிலும் பெடல் கல்லு மாதிரிதான் ஆகும். கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் (வெற்றிடம்) தீர்ந்துபோகும், அவ்வளவுதான். அதற்கும் பிரேக் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தாலும் வேகமாக அழுத்தி மிதித்தால் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆயிலைப் பிடித்து நிறுத்திவிடும். மெதுவாக, லேசாக மிதித்துப் பிடித்தால்தான் ஆயில் பின்னால் நழுவும். சிக்னலில் நாம் மிதிப்பது அப்படித்தான். இதெல்லாம் எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியும்.

ஞாயிறு ஏற்காட்டில் சித்தி வீட்டு விசேஷம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது மேலிருந்து ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியிருப்போம். முன்னால் ஒரு பஸ் வேகம் குறைத்தது. நானும் மிதித்தேன். பெடல் போனது, போனது, தரைக்கு ஒரு விரல் மேலே வந்து கொஞ்சம் பிடித்தது. மறுபடி மிதித்தால் பஞ்சு மாதிரி. பஸ்ஸின் பின்பக்க ஏணி கண்ணுக்கு முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மலைப் பக்கமாக ஓரத்துச் சாக்கடைச் சுவரில் டயரை உரசி நிறுத்தினேன். பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரு ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது. ஹேண்ட் பிரேக் தனிக் கேபிளில் பின் சக்கரத்தைப் பிடிப்பதால் பிழைத்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி, ஒரு கல்லை எடுத்து அவரே டயருக்கு முட்டுக் கொடுத்தார்.

ரெக்கவரி வண்டிக்கு 3,500 தனி.

எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், முப்பது வருஷம் லாரி வேலை பார்த்தவர், வீட்டு முன்னால் சின்ன ஷெட் போட்டிருக்கிறார். திங்கள் காலை அவரிடம் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் முதலில் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவு மேல் கோட்டில் சரியாக இருந்தது. நாலு சக்கரத்தின் உள்பக்கமும் கையை விட்டுத் தடவினார். எங்கேயும் ஈரம் இல்லை. ஆயில் குறையவில்லை, வெளியே ஒழுகவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே நழுவுகிறது என்றார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு கண்ணு."

பூஸ்டரோடு மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டு. இரண்டின் மேலும் துருவும் அழுக்கும் சேர்ந்து ஒரே தோலாகப் படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல் கூட இல்லை. நட்டுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் ஒட்டடை. "மூணு நாள் முன்னாடி கழட்டுன நட்டுல எப்படிக் கண்ணு பூச்சி கூடு கட்டும்?" என்றார். டப்பாவுக்குள் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் காட்டினார். கருப்பு டிக்காஷன் நிறம். ஒரு லிட்டர் புது ஆயில் 700 ரூபாய்!

பின் டிரம்மைக் கழற்றினார். பழைய ஷூ. முன் டிஸ்க் விளிம்பில் நகத்தை வைத்தால் மாட்டுகிறது, அவ்வளவு தேய்ந்த பழைய டிஸ்க். முன் பேட் மட்டும் புதுசு. 23,650 ரூபாய்க்கு உண்மையில் என் காரில் ஏறியது ஒரு செட் பேட்.

அவர் சொன்ன இன்னொன்றைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பேட் மாற்றும்போது, பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். அதனால் மாற்றி முடித்ததும் முதல் சில மிதிக்குப் பெடல் தரை வரைக்கும் போகும். மாஸ்டர் சிலிண்டருக்குள் தினமும் வாஷர் போய்வரும் இடம் வழவழப்பாக இருக்கும். பெடல் தரை வரைக்கும் போனால் வாஷர் அதைத் தாண்டிப் போகும், வருஷக்கணக்காக எதுவும் தொடாத அந்த இடத்தில் அரிப்பும் அழுக்கும் இருக்கும். ஏற்கெனவே தேய்ந்த வாஷர் அதில் உரசினால் கிழிந்துவிடும். அதாவது கொடுத்ததை விட மோசமாக்கித்தான் திருப்பித் தந்திருக்கிறார்கள். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சானதற்குப் பழைய ஆயிலும் காரணம் என்றார். அது சரிதான், பிறகு படித்துப் பார்த்தேன். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் இழுத்து அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவிக்குமிழ். குமிழை மிதித்தால் பெடல் பஞ்சு.

புது மாஸ்டர் சிலிண்டர், புது ஆயில், நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தது (ஆயில் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவது), கூலி எல்லாம் சேர்த்து 5,100 ரூபாய் வாங்கினார். பழைய சிலிண்டரை என் கையில் கொடுத்தார். அது இப்போது என் மேஜை மேல் இருக்கிறது.

சரி, ஆப்காரர்களிடம் வருகிறேன். திங்கள் மதியம் முதல் போன். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் மேடம், 48 மணி நேரத்தில் தீர்வு கிடைக்கும்." சாயங்காலம் இன்னொருவர்: "நீங்க ஓடிபி கொடுத்திருக்கீங்க மேடம். வேலையில திருப்திதான்னு பதிவாயிருக்கு." செவ்வாய்: "நாங்க வெறும் ஆப்தான், வேலை செஞ்சது பார்ட்னர் ஒர்க்‌ஷாப்." ஒர்க்‌ஷாப் நம்பரை வாங்கிக் கூப்பிட்டால், "பணம் ஆப்புக்குத்தானே கட்டினீங்க, அங்கேயே கேளுங்க." துருப்பிடித்த நட்டின் போட்டோவை அனுப்பினேன். அதற்கு வந்த பதில், வெளி மெக்கானிக் கை வைத்துவிட்டதால் வாரண்டி செல்லாது! மலையில் நின்ற காரை நான் வேறு எங்கே கொண்டுபோவது? புதன் இரவு கடைசியாக ஒரு செய்தி. அடுத்த சர்வீஸுக்கு 750 ரூபாய் கூப்பன். 23,650 ரூபாய்க்கும் மூன்று உயிருக்கும் 750 ரூபாய் கூப்பன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். 'நாங்கள் வெறும் ஆப்' என்பதற்கெல்லாம் மயங்காதீர்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆப்காரர்களும் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகப்போகிறேன். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, மறுபடி போன் வந்துகொண்டிருக்கிறது. அவசரமாக இவ்வளவு மட்டும்.

இன்ஜினை அணைத்து ஐந்தாறு தடவை மிதித்துவிட்டு, லேசாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். மிதித்தபடி ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் இறங்குவது சரியானதுதான், அது பூஸ்டர் வேலை செய்வது. ஆயில் குறைந்தால் ஒழுகல், குறையாமல் இறங்கினால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர். திரும்பத் திரும்ப மிதித்தால் ஏறி நிற்பது ஆயில் குழாயில் புகுந்த காற்றாகவோ பின் ஷூ செட்டிங்காகவோ இருக்கலாம். பேட் தேய்ந்தால் பெடல் நழுவாது, அதைச் சொல்லி யாராவது பில் போட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். பழைய பார்ட் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். ஓட்டிப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

சமீபத்தில் இப்படி ஆப் வழியாக மாஸ்டர் சிலிண்டர் மாற்றியவர்கள் இன்றைக்கே பானெட்டைத் திறந்து அந்த இரண்டு நட்டையும் பாருங்கள்.