ஜெனரேட்டர் சைலன்சர்: பல வருட ஓட்டத்தில் எது நிற்கிறது, எது போகிறது

அறைக்குள் கேனோபி (சத்தத்தை அடக்கும் வெளிக்கூடு) இல்லாமல் ஓடும் பழைய 62.5 கேவிஏ டீசல் செட்டுகளை வைத்துச் சொல்வது இது. கல்யாண மண்டபங்களிலும் அடுக்ககங்களிலும் இன்னும் நிறைய இருக்கின்றன. 2005 ஜனவரி 1 முதல் தயாரான செட்டுகள் கேனோபியோடு, ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அவற்றில் துருப்பிடித்த சைலன்சரை மாற்றுகிறவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

கடையில் ரெசிடென்ஷியல், கிரிட்டிக்கல், ஹாஸ்பிட்டல் என்று தரம் பிரித்துச் சொல்வார்கள். முறையே சுமார் 20, 30, 35 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. விலை கூடினால் அமைதியும் கூடும் என்று நம்பி வாங்குவதில்தான் காசு வீணாகிறது. இன்ஜின் உடம்பின் கடகடப்பு 95 டெசிபல், புகைவாய்ச் சத்தம் 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசிடென்ஷியல் போட்டால் புகைவாய் 90 ஆகும், கிரிட்டிக்கல் போட்டால் 80. குழாய் முனையும் அறைக் கதவும் ஒரே பக்கம் இருந்தால் காதில் விழும் மொத்தம் முதலாவதில் 96, இரண்டாவதில் 95. அந்த ஒரு டெசிபலுக்கா அவ்வளவு காசு? அதைக் கதவுக்கும் காற்று வழிக்கும் செலவழிப்பது மேல். குழாய் மொட்டைமாடிக்குப் போய், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக முடிகிறது என்றால் கதை வேறு. அங்கே கிரிட்டிக்கல்தான் சரி.

கதவைச் சாத்திவிட்டு, புகார் சொல்பவர் வீட்டு வாசலில் நின்று கேளுங்கள். 'தும் தும்' என்று நெஞ்சில் அடித்தால் அது புகைக்குழாய். 1500 ஆர்பிஎம்மில் ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு இந்த அடி 50 ஹெர்ட்ஸ், ஆறு சிலிண்டருக்கு 75. போன் ஆப்பை நம்பவேண்டாம். ஏ வெயிட்டிங்கில் (காது கேட்பதுபோல் தாழ்ந்த ஒலியைக் குறைத்து எடுக்கும் முறை) அளக்கும் கருவி 50 ஹெர்ட்ஸ் சத்தத்தை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். மீட்டர் நல்லபடி காட்டியும் பக்கத்து வீட்டார் தூங்க முடியவில்லை என்பது இதனால்தான். தாழ்ந்த ஒலியை அதிகம் குறைக்காத சி வெயிட்டிங் உள்ள மீட்டர் எடுங்கள்.

கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) மட்டும் அடைத்த நேர்க்குழாய் சைலன்சர் இந்த அடியை அடக்காது, சீறலைத்தான் குறைக்கும். உள்ளே தடுப்பு வைத்த இரண்டு மூன்று அறைகள் வேண்டும், கொள்ளளவும் வேண்டும். இன்ஜின் சிசியைப் போல் குறைந்தது பத்து மடங்கு என்பது பட்டறைக் கணக்கு. 4 லிட்டர் இன்ஜினுக்கு 40 லிட்டர்: 300 மி.மீ. விட்டம், 570 மி.மீ. நீளம். இதைவிட ஒல்லியாக ஒன்றைக் காட்டி 'கிரிட்டிக்கல்' என்றால் வாங்காதீர்கள்.

சைலன்சருக்குப் பிறகு வரும் வால் குழாயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர் செட்டுக்கு அது ஏறக்குறைய 5 மீட்டர் இருந்தால் குழாயே 50 ஹெர்ட்ஸுக்குப் பாடத் தொடங்கும். நல்ல சைலன்சர் போட்டும் சத்தம் குறையவில்லை என்றால் முதலில் டேப் பிடித்து அளப்பது இதைத்தான்.

பேக் பிரஷர் (புகை வெளியேறும் வழியில் உண்டாகும் எதிரழுத்தம்) ஏறினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், புகை கறுக்கும், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ சூடாகும். பல டர்போ இன்ஜின் கையேடுகளில் உச்சம் 75 மி.மீ. பாதரசம், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் தண்ணீர் உயரம். உங்கள் இன்ஜினின் எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டர்போவுக்குப் பின் நேரான இடத்தில் கால் அங்குல சாக்கெட் பற்றவைத்து, ஒரு மீட்டர் செம்புக் குழாய், அதன் பின் தண்ணீர் ஊற்றிய யு வடிவ டியூப் மாட்டி முழு லோடில் அளக்கலாம். கூடுதலாக வந்தால் சைலன்சரைக் குறை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள். 3 அங்குலத்துக்குப் பதில் 4 அங்குலம் போட்டால் நேர்க்குழாயின் தடை நான்கில் ஒரு பங்காகிவிடும்.

பெரும்பாலும் முதலில் ஓட்டை விழுவது வெளிவாய்ப் பக்க மூடியின் அடித்தையலில். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். வாரம் ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டி அணைத்தால் சைலன்சர் சூடேறாது, அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். 30 சதவீதத்துக்கு மேல் லோடு போட்டு அரைமணி நேரம் ஓட்டுங்கள். அடியில் தண்ணீரை வடிக்கும் டிரெயின் பிளக் இல்லாத சைலன்சர் எந்தத் தரமானாலும் வேண்டாம். லோடு குறைவாகவே ஓடும் செட்டில் கிளாஸ் வூல் ஆயில் பிசுக்கோடு ஊறும், தீப்பிடிக்கவும் செய்யும். வால் முனையில் இழைகள் பறந்து கிடந்தால் பஞ்சு வெளியேறுகிறது என்று அர்த்தம். தட்டினால் 'டகடக' என்றால் உள்தடுப்பு விட்டுவிட்டது.

மாட்டும்போது எடை டர்போ மேல் விழக்கூடாது. டர்போவுக்கு அடுத்து எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பெல்லோ, அதாவது வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய், சைலன்சர் கூரையிலிருந்து ரப்பர் ஹேங்கரில். 400 டிகிரி ஏறினால் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 5 மி.மீ. நீளும், ஆகவே ஒரு முனையை மட்டும் இறுக்குங்கள். பெல்லோவைத் தவிர மற்ற இடமெல்லாம் சுற்றி 50 மி.மீ. ராக் வூல் (கல் இழைப் பஞ்சு), மேலே அலுமினியத் தகடு. வெளிக்குழாய் கட்டிடத்துக்கு மேல் 0.2 × √கேவிஏ மீட்டர் உயர வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கு. 62.5 கேவிஏவுக்கு 1.6 மீட்டர் வைத்துக்கொள்ளலாம்.