பழைய சோனகத் தெருவில் அரமும் வைஸும்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைக்குப் பஞ்சமில்லை. கதவுத் தாழ்ப்பாள், பிறேக்கெட், தையல் மெஷினின் உடைந்த துண்டு என்று வீட்டு மேசையிலேயே உலோக வேலை பார்ப்பவருக்கு வேண்டியது எல்லாம் அங்கே கிடைக்கும். தரம்தான் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஆகவே கவுண்டரிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.

காசைக் கொட்ட வேண்டியது வைஸில், அதாவது வேலைத் துண்டை இரு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவியில். 4 அங்குலத் தாடை போதும். தாடையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு தாள் துண்டை வைத்து மெல்ல இறுக்குங்கள். ஒன்று பிடிபட்டு மற்றது சும்மா உருவி வந்தால் தாடை கோணல். இறுக்கும்போது அசையும் தாடை மேலே எழும்பினாலும் விட்டுவிடுங்கள், பிடித்த துண்டு சாய்ந்துகொண்டே இருக்கும். தடித்த பெயின்டுக்கு அடியில் புட்டி வைத்து வார்ப்பின் ஓட்டைகளை மறைத்திருப்பதும் உண்டு. மேசையில் பூட்டும்போது மர ஆணி வேண்டாம். பலகையை ஊடுருவும் போல்ட், அடியில் பெரிய வொஷர், நட். தாடையின் மேல்விளிம்பு முழங்கை உயரத்தில் நிற்கட்டும்.

அரத்தை செட்டாக வாங்காதீர்கள். தட்டையில் 10 அங்குலக் கரடு ஒன்று, 8 அங்குல நடுத்தரம் ஒன்று, 6 அங்குல மென்மை ஒன்று, கூடவே ஒரு அரைவட்டம். கண்ணருகே பிடித்து நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பிடியையும் சேர்த்தே வாங்குங்கள். பிடியில்லாத அரத்தின் வால் உள்ளங்கையைக் குத்தும். முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம். இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்கும். புது அரத்தை முதலில் பித்தளைக்குப் பயன்படுத்தி, கூர் குறைந்த பிறகு உருக்குக்கு மாற்றுவது நல்லது, ஏனென்றால் மழுங்கிய அரம் பித்தளையில் வழுக்கும். அலுமினியத் தூள் பல்லிடையே அடைத்துக்கொண்டு வேலையைக் கீறும். முன்கூட்டியே சோக் தேய்த்தால் அடைப்பு குறையும், மிச்சத்தைக் கம்பித் தூரிகை பார்த்துக்கொள்ளும்.

ஹெக்ஸோ (உலோகம் அறுக்கும் வாள்) பிளேட்டில் கணக்கு ஒன்றுதான்: வெட்டும் தடிப்புக்குள் எப்போதும் 3 பற்களாவது நிற்க வேண்டும். 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த தகட்டுக்கு அங்குலத்துக்கு 32 பல், பொது வேலைக்கு 24. தடிப்பையும் விட்டத்தையும் அளக்கும் வேர்ணியரில் மலிவு டிஜிட்டல் வகை, நிறுத்தி வைத்தாலும் பற்றரியைத் தின்னும், 0.02 மில்லிமீற்றர் அளவிடும் சாதாரண வேர்ணியரே மேல். தாடையை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இடையில் ஒளி கசியக் கூடாது.

பளபளக்கும் 40 துண்டு மரை வெட்டும் செட்டுதான் வீண் செலவு. ஹைஸ்பீட் உருக்கில் M5, M6 டெப் (5, 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குத் துளைக்குள் மரை வெட்டும் கருவி) தனித்தனியாக வாங்கி, அவற்றுக்கு 4.2, 5 மில்லிமீற்றர் டிரில் பிட் எடுங்கள். துளை சிறிதானால் டெப் உடையும், பெரிதானால் மரை பிடிக்காது. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. உள்ளே உடைந்த டெப்பைச் சாதாரண டிரில் பிட் கிழிக்காது.

பல கடைகள் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மூடியிருக்கும்.