சங்குப்பூ கேட்டால் சங்குப்பூவே தரும் கடை

திருவான்மியூரில் ஒரு தெருமுனையில் இருக்கும் சின்ன நர்சரி இது. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நான்கு மாதத்தில் ஐந்து முறை போய் வந்துவிட்டேன்.

போன வருடம் வேறொரு பெரிய நர்சரியில் நீலச் சங்குப்பூ என்று சொல்லி 150 ரூபாய்க்கு ஒரு தொட்டி கொடுத்தார்கள். மொட்டை மாடிக் கம்பியில் நன்றாகத்தான் படர்ந்தது. ஆனால் இலை மூன்று மூன்றாக வந்தது. சங்குப்பூவுக்கு ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் இருக்க வேண்டுமே என்று அப்போதே மனசு உறுத்தியது. பூத்ததும் தெரிந்துவிட்டது: வெளிறிய ஊதா, கொடியல்லி என்னும் அகன்ற பெரிய இதழின் முதுகில் முள் மாதிரி ஒரு சின்ன நீட்சி. அது சென்ட்ரோசீமா. அதுவும் பயறுக் குடும்பம்தான், பூவும் சங்குப்பூ போலவே தலைகீழாக இருக்கும். ஆனால் பேரினமே வேறு. கேட்டதற்கு "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு 26 வருடம் தாவரவியல் எடுத்த எனக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை.

இங்கே இருக்கும் தம்பி அப்படியில்லை. நாற்றைக் கையில் கொடுக்கும் முன் சிற்றிலையை எண்ணிக் காட்டினார். ஐந்து. தொட்டியில் ஐஸ் குச்சியில் அறிவியல் பெயரும் குடும்பமுமாக 'கிளிட்டோரியா டெர்னேட்டியா, லெகுமினோசே' என்று எழுதிச் செருகியிருந்தார். "ஃபேபேசின்னு மாத்தணுமா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம், பயறுக் குடும்பத்தின் புதுப் பெயர்தான் ஃபேபேசி, லெகுமினோசே என்ற பழைய பெயரையும் தாவரப் பெயர் விதிகள் ஏற்கின்றன என்றேன். டெர்னேட்டியா என்றதும் லத்தீனில் மும்மூன்று என்று பொருள்படும் சொல் ஞாபகம் வந்து, மூன்றிலைச் செடி என்று நினைத்துவிடக் கூடாது. 1753-ல் லின்னேயஸ் வைத்த அந்தப் பெயர் இந்தோனேசியாவின் டெர்னாட்டே தீவைக் குறிப்பது.

அன்று கடையில் வேறு ஆள் இல்லை. ஒரு பூவைப் பிரித்துக் காட்டினேன். அவரைப் பூவில் அகன்ற கொடியல்லி பின்னால் நிமிர்ந்து நிற்கும். சங்குப்பூவில் அது கீழே விரிந்து, தேனீ வந்து உட்காரும் திண்ணையாகிவிடுகிறது. ஒன்பது மகரந்தத்தாள் ஒரு கற்றை, பத்தாவது தனி. அவை மேலிருந்து தேனீயின் முதுகைத் தொடும். தம்பி கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாற்று 60 ரூபாய், விதைப் பொட்டலம் 20. மண்கலவை சுமார்தான், வீட்டில் மணல் சேர்த்துக்கொள்ளுங்கள். விதையை இரவு முழுக்க ஊறவைத்துப் போடுங்கள், தோல் கெட்டி.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். விதை டப்பாவில் எல்லாம் கலந்து கிடக்கிறது. நீலம் என்று வாங்கிப் போட்டதில் முளைத்தது ஐந்து, அதில் இரண்டு வெள்ளையாகப் பூத்தன. சங்கப் புலவர்கள் கருவிளை, செருவிளை என்று நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம்தான். அடுக்குப் பூவும் அப்படியே. ஆனாலும் பூஜைக்கு நீலம்தான் வேண்டும் என்று வாங்குபவருக்கு ஏமாற்றம்தானே? டப்பாவைப் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று வெள்ளைக் கொடியில் முதல் காய் முற்றிக் காய்ந்தது. உள்ளே ஏழு விதை. நான்கைத் தனியாகக் காகிதத்தில் மடித்து, 'வெள்ளை' என்று எழுதி, தம்பிக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.