சுகர் 190-லிருந்து 95 ஆனது என்று ஆடியோவில் பேசுவது என் அப்பா

வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. "எனக்குப் பதினாலு வருசமா சுகர். வெறும் வயித்துல 190 இருந்துச்சு, இந்தப் பொடி சாப்பிட்டு நாலே மாசத்துல 95" என்று ஒரு பெரியவர் திருநெல்வேலிப் பேச்சில் சொல்வார். அது என் அப்பா. இரண்டு எண்ணும் உண்மைதான். ஆனால் அந்த 95 எப்படி வந்தது என்பது அதற்கு மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டில் யாராவது அதைக் கேட்டுவிட்டுப் பணம் அனுப்பப் போகிறார்கள் என்றால், தயவுசெய்து முதலில் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

விற்றவர் மருத்துவர் இல்லை. மாதம் 3,200 ரூபாய், ஏழு மாதம், மொத்தம் 22,400. டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை, உரிம எண்ணும் இல்லை. "இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திராதீங்க அண்ணாச்சி, கூடவே சாப்பிடுங்க" என்று அவரே சொன்னார், அதனால்தான் நம்பினோம். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவன்தான் ஏமாற்றுக்காரன் என்று நினைத்திருந்தோம்.

இரண்டாவது மாதத்திலேயே அப்பா ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க ஆரம்பித்தார். கழிவறையில் சோப்பு கரைத்து ஊற்றியதுபோல நுரை நிற்கும், இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா போன் செய்து கேட்டபோது அந்த ஆள் சொன்ன பதில் இது: "நுரை வருதுல்லா, அது உடம்புல இத்தனை வருசமா கிடந்த கழிவு வெளியேறுது, சந்தோசப்படுங்க." நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

சுகர் வேறு மாதாமாதம் இறங்கியது. முகம் வெளிறிப்போனதையும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதையும், செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிந்ததையும் பார்த்தோம், ஆனால் 95 என்ற எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. ரத்தம் குறைவு என்று சொன்னதற்கு அவரே ஒரு லேகியமும் கொடுத்தார்.

ஏழாவது மாதம் ஒரு நாள் விடியற்காலையில் அப்பா வியர்வையில் நனைந்து கிடந்தார், என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். சுகர் 48. ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.9, கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 4.2, யூரினில் புரதம் மூன்று பிளஸ்.

கிட்னி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சுகர் மாத்திரையை உடம்பிலிருந்து வெளியேற்றுவதில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்னி தளர்ந்தால் அதே மாத்திரை கூடுதல் நேரம் உள்ளேயே தங்கி வேலை செய்யும், இன்சுலினும் அப்படித்தான், அதனால் சுகர் இறங்கும். குணமானதால் இறங்கவில்லை. நுரை என்பது கழிவு இல்லை, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் ஒழுகிப் போவது. ரத்தம் உற்பத்தியாகத் தூண்டும் ஹார்மோனைக் கிட்னிதான் சுரக்கிறது, அது குறைந்தால் லேகியம் சாப்பிட்டு ரத்தம் ஊறாது. மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c டெஸ்ட்) 6.1 என்று காட்டினேன். சிவப்பணு சாதாரணமாக 120 நாள் போல இருக்கும், கிட்னி கெட்டவர்களுக்கு அது சீக்கிரம் அழியும், சர்க்கரை ஒட்டுவதற்கு நேரமே இருக்காது, ஆகவே இந்த நிலையில் அந்த எண்ணை நம்ப முடியாது என்றார்.

பொடியால்தான் கிட்னி கெட்டதா என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஏழு மாதம் போய்விட்டது என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்தில் அப்பாவுக்கு வெறும் வயிறு, சாப்பிட்ட பின் என்று இரண்டு டெஸ்ட்தான் எடுத்திருக்கிறார்கள். யூரினில் புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் யூரின் ஆல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, ஒரு சின்னக் கப் யூரின் போதும், 30-க்குக் கீழே இருக்க வேண்டும். டைப் 2 என்றால் சுகர் இருப்பது தெரிந்த வருடத்திலிருந்தே வருடம் ஒரு முறை அதையும் கிரியாட்டினினையும் பார்க்க வேண்டும். நுரை கண்ணுக்குத் தெரிகிற வரை காத்திருந்தால் அதற்குள் நிறையப் போயிருக்கும். எல்லா நுரையும் புரதம் இல்லை, ராத்திரி எழுந்திருப்பதற்கு அதிகச் சுகர், நீர்த்தொற்று, ப்ராஸ்டேட் என்று வேறு காரணமும் இருக்கலாம், சரி, அதையும் டெஸ்ட் எடுத்துத்தானே தெரிந்துகொள்ள முடியும். அப்புறம், மாத்திரையைக் கூட்டாமலே சுகர் தானாக இறங்கிக்கொண்டே போனால் இனிப்பு கொடுத்துக் கொண்டாடாதீர்கள், அந்த வாரமே கிரியாட்டினின் பாருங்கள்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை, படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது, இந்த ஆள் அதைத்தான் தினமும் செய்கிறார்.

அப்பாவுக்கு இப்போது ரத்தம் ஊற ஊசி போடுகிறார்கள். டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை, தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் அந்த ஆளைக் கூப்பிட்டு, பணம் வேண்டாம், அப்பா பேசிய ஆடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். "ஏன் தம்பி, அண்ணாச்சி அன்னைக்குச் சொன்னது பொய்யா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.