கும்பகோணத்தில் ஒரு டாப்ளர் ஸ்கேன்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் அழற்சி, பல வருடமாக உண்டு. லண்டனிலிருந்து கிளம்பும்போதே வயிறு சரியில்லை. திருவிடைமருதூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இடது கால் மட்டும் தொடைவரை வீங்கிவிட்டது. "உட்கார்ந்தே வந்திருக்கே, நீர் இறங்கியிருக்கும்ப்பா, எண்ணெய் தேய்ச்சு நீவிவிடுறேன்" என்றார் அத்தை. ரத்தம் கட்டியிருந்தால் நீவுவது ஆபத்து என்று சொல்லித் தடுத்தேன்.

முதலில் போன கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று டைக்ளோபினாக் எழுதினார்கள். குடல் நோயைச் சொன்னதற்கு, அதுக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். எனக்குக் கோபமே வந்தது. அழற்சி கிளம்பியிருக்கும் சமயத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பெரிய சிரைகளில் ரத்தக்கட்டி விழும் வாய்ப்பே மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு. பேதியில் நீர் வற்றி, மணிக்கணக்காக விமானத்திலும் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வலி மாத்திரையோ குடல் புண்ணைக் கிளறிவிடக்கூடியது.

அப்புறம் பார்த்த பொது மருத்துவர் காலைப் பார்த்ததுமே டாப்ளருக்கு, அதாவது சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனுக்கு, சீட்டு எழுதினார். கும்பகோணம் ஸ்கேன் சென்டரில் அன்று மாலையே டோக்கன் கிடைத்தது. தொடையில் ஜெல் தடவிக் கருவியை அழுத்திய டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "நல்ல சிரைன்னா அழுத்தினா தட்டையாயிடும் சார். இது அமுங்கவே இல்லை பாருங்க." உள்ளே சாம்பல் நிறத்தில் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டைக் கையோடு கொடுத்தார்கள்.

மலத்தில் ரத்தம் போகிறவனுக்கு உறையாமலிருக்க மருந்தா என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: இந்த அளவுக் கசிவுக்காக ஊசியை நிறுத்தக்கூடாது, கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, கூடவே குடல் அழற்சியையும் அடக்கியாக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த எனோக்சாபரின் ஊசி கடையில் இல்லை. மருந்துக்கடைத் தம்பி பைக்கில் ஆளனுப்பி வாங்கிக் கொடுத்தார். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போட நர்ஸ் அக்கா கற்றுக்கொடுத்தார். பிறகு அதே வேலையைச் செய்யும் ரிவராக்சபான் மாத்திரை: 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, அதன்பின் 20 ஒரு வேளை, கட்டாயம் சாப்பாட்டோடு.

குடல் அழற்சியோ, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயோ உள்ளவர்கள் ஊருக்கு வந்து ஒரு கால் மட்டும் வீங்கினால், நோயின் பெயரை முதலிலேயே சொல்லி டாப்ளர் கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனுக்கு அலையாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.