வேரின் வாசனைக்கு இருநூறு யூரோ

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாசனைத் திரவியங்களுக்குச் சூட்டும் ‘வெத்திவேர்’ என்ற பெயர் நம்முடைய வெட்டிவேர்தான். அந்தப் பெயரைத் தாங்கியவற்றுள் மிக உயர்வாகப் பேசப்படும் ஃபிரெதெரிக் மால் நிறுவனத்தின் ‘வெத்திவேர் எக்ஸ்த்ராஓர்தினேர்’ 100 மில்லி குப்பி 200 யூரோவுக்கும் மேல் விற்கிறது. காரைக்காலில் பிறந்து, பல ஆண்டுகளாக, பூமியின் தென்பாதியில் இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுப் பகுதியான ரீயூனியன் தீவின் சேன் பியேர் நகரில் வாழ்ந்துவரும் நான், அதன் சிறிய குப்பியொன்றை வாங்கி ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கோடையில் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் முடிச்சைப் போட்டுக் குடித்து வளர்ந்தவனுக்கு, அந்த வேரின் வாசனைக்கு இவ்வளவு விலை தகுமா என்று கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் தனித்தன்மை, வாசனையை உருவாக்கிய கலைஞரின் பெயரைக் குப்பியின் மீதே அச்சிடுவதாகும். அதுவரை பெரிய நிறுவனங்கள் அவர்களைத் திரைக்குப் பின்னாலேயே வைத்திருந்தன. 2002இல் வெளிவந்த இந்தத் திரவியம் தொமினிக் ரோப்பியோன் உருவாக்கியது. சிறிய அளவில், தேர்ந்த ரசிகர்களுக்காகச் செய்யப்படும் இத்தகைய திரவியங்களை இங்கே ‘நிஷ்’ என்று அழைக்கிறார்கள். ஆனால் இந்த நிறுவனத்தை வாங்குவதாக எஸ்தே லாடர் என்ற பெரிய அமெரிக்க அழகுசாதனக் குழுமம் 2014இல் அறிவித்துவிட்டது. எனவே எளிதில் கிடைக்காதது என்பதற்காக மட்டும் யாரும் இதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. குப்பிக்குள் இருப்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

தெளித்த முதல் சில நிமிடங்களில் கசப்பு நாரத்தையின் தோலைக் கிள்ளியது போன்ற ஒரு கூர்மை எழுகிறது; அதனோடு சிறிது மிளகின் காரமும் வருகிறது. அது அடங்குவதற்குள்ளாகவே வேர் வந்துவிடுகிறது. இங்கேதான் ரோப்பியோனின் கைத்திறன் தெரிகிறது. மற்றப் பல திரவியங்களில் வெட்டிவேர் கடைசியில் வந்து அடியில் படுத்துக்கொள்ளும். இதில் அது தொடக்கம் முதல் இறுதிவரை நடுவிலேயே நிற்கிறது, கிராம்பும் தேவதாருவும் பாசியும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றனவே தவிர மறைப்பதில்லை. அந்த வேர் உலர்ந்தது, நேரானது, வெயிலில் காயவைத்துத் தூசி தட்டிய புது வேரைப் போலச் சுத்தமானது. சேன் பியேரின் ஜனவரி வெயிலில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் நேரத்திலும் அது புளித்துப்போகவோ இனிப்பாகக் கெட்டுப்போகவோ இல்லை. ஜூலை மாதத்தில் பிளேன் தே காஃப்ர் மேட்டுக்குப் போனபோது, குளிர்ந்த மூடுபனியில் கிராம்பின் வெப்பம் முன்னே வந்தது. என் மூக்குக்கு அதுவே இதன் மிகச் சிறந்த நிலை. வேட்டியின் ஓரத்தில் ஒரே ஒரு முறை தெளித்து மடித்து வைத்தேன். மூன்றாம் நாளும் வாசனை இருந்தது. வெட்டிவேர் எண்ணெய் மெதுவாக ஆவியாவது, தன்னோடு சேர்ந்த மற்ற வாசனைகளையும் பிடித்து வைத்துக்கொள்வது. அந்த இயல்பை இவர்கள் முழுவதுமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் முதல் வாரம் முழுவதும் ஏதோ ஒன்று குறைகிறது என்ற எண்ணம் என்னை விடவில்லை. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காரைக்காலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா. மணிக்கட்டை அவரிடம் நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லா இருக்குப்பா. வேர் இருக்கு, பானையைத்தான் காணோம்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. வெட்டிவேரை மண்ணோடு தோண்டி எடுத்து, கழுவி, உலர்த்தி, பல மணி நேரம், சில இடங்களில் ஒரு நாள் முழுவதும்கூட, நீராவியில் காய்ச்சி வடிக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் எண்ணெயில் ஈர மண்ணும், புகையும், சற்றே கருகிய ஒரு காரலும் சேர்ந்தே இருக்கும். இந்தக் குப்பியில் அந்த மண்ணும் புகையும் பெருமளவு விலக்கப்பட்டு, வேரின் கட்டைத்தன்மையும் பசுமையும் மட்டும் மேலெடுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய மூக்குக்கு அது முரட்டுத்தனத்தை நீக்கிய செம்மை. பானைத் தண்ணீரையும், சன்னலில் கட்டி நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியையும் நினைவில் வைத்திருக்கும் நமக்கோ, விலக்கப்பட்ட அந்தப் பகுதிதான் வெட்டிவேர். கலைஞரின் குறை என்று இதை நான் சொல்லவில்லை. அவர் செய்ய நினைத்ததை மிகத் துல்லியமாகச் செய்திருக்கிறார். ஆனால் பெயரைப் பார்த்துவிட்டு ஊர் வாசனையைத் தேடி வாங்கும் தமிழர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இனி விலை. கலவையில் கால் பங்கு ஹைட்டி நாட்டு வெட்டிவேர் என்று சொல்லப்படுகிறது; இது வழக்கத்தைவிட மிக அதிகமான அளவு. இந்த வகைத் திரவியங்களின் 100 மில்லியில் பொதுவாக 15 முதல் 20 மில்லி வரைதான் வாசனைச் சாறு, மிச்சம் ஆல்கஹால். அந்தக் கணக்கில் ஒரு குப்பிக்குள் இருக்கும் வெட்டிவேர் எண்ணெய் 4 அல்லது 5 மில்லி. மொத்த விலையில் கிலோ சில நூறு யூரோவுக்குக் கிடைக்கும் எண்ணெய் என்பதால், அந்த ஐந்து மில்லியின் அடக்கம் இரண்டு மூன்று யூரோதான். சிறப்பாகச் சுத்திகரித்ததற்கு இரண்டு மடங்கு சேர்த்தாலும் பத்து யூரோவைத் தொடாது. நூறு கிலோ உலர்ந்த வேரிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் கிடைக்கிறது என்பதையும், ஆழமாக இறங்கிய வேரைக் கையால் தோண்டுபவரின் உழைப்பையும் நினைக்கும்போது, அந்த இரண்டு மூன்று யூரோ எனக்கு வருத்தமளிக்கிறது. ஆக, நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி மூலப்பொருளுக்கன்று. கலைஞரின் திறமைக்கும், கடைக்கும், பெயருக்கும்தான். இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே நான் மனமுவந்து பணம் கொடுப்பேன்.

இந்தத் தீவில் வாழ்பவனுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. வாசனைத் தொழிலில் ஒரு காலத்தில் தனி மதிப்புடன் பேசப்பட்டது இங்கே விளைந்த ‘வெத்திவேர் பூர்போன்’ (பூர்போன் என்பது இந்தத் தீவின் பழைய பெயர்). குறைந்த கூலியில் ஹைட்டியும் ஜாவாவும் எண்ணெய் கொடுக்கத் தொடங்கியபின் அது சுருங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் சேன் பியேர் கடற்கரைச் சந்தையில், துணி அலமாரிக்காக வெட்டிவேர்க் கட்டுகளை வாங்குவது என் வழக்கம். ஒரு கட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால், விரலில் செம்மண் ஒட்டும். அந்த மண்ணோடு சேர்ந்து வரும் வாசனைக்கு ஈடாக எந்தக் குப்பியையும் நான் இதுவரை முகர்ந்ததில்லை.

குறைந்த விலையில் வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. லாலிக் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘ஆங்க்ர் நுவார்’ நத்தாலி லோர்சோனின் படைப்பு. முப்பது நாற்பது யூரோவுக்குள் 100 மில்லி கிடைக்கிறது. மால் குப்பியில் இல்லாத ஈரமும் இருளும் புகையும் அதில் தாராளமாக இருக்கின்றன. நுணுக்கத்தில் அது ஒரு படி கீழேதான். மணி நேரம் செல்லச் செல்ல ஒரே சுரத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் அம்மா அதை முகர்ந்தவுடன் தலையாட்டினார். மாறாக, இதே உயர்ந்த விலையில், பெயரில் வெட்டிவேரைத் தாங்கிய வேறொரு திரவியத்தை நான் காகிதப் பட்டையில் முகர்ந்துவிட்டு அவசரப்பட்டு வாங்கினேன். என் தோலில் ஒரு மணி நேரத்திற்குள் வேர் மறைந்து, வெறும் செயற்கை மர வாசனை மட்டுமே மிஞ்சியது. விலை மட்டும் தரத்துக்குச் சான்றாகாது என்பதை அன்று நான் 180 யூரோ கொடுத்துக் கற்றேன்.

எனவே என் தீர்ப்பு இது. வாசனைக் கலையை ஒரு கலையாகவே நேசித்து, ஒரே ஒரு வேரை எவ்வளவு தூரம் மெருகேற்ற முடியும் என்று அறிய விரும்புபவருக்கு ‘வெத்திவேர் எக்ஸ்த்ராஓர்தினேர்’ தன் விலைக்குத் தகுந்ததுதான். சிறிய குப்பியே ஓராண்டுக்குப் போதும், இரண்டு முறைக்கு மேல் தெளிக்கத் தேவையில்லை. ஊரின் கோடையைத் தேடுபவர் லாலிக்கிடம் போகலாம். எதை வாங்குவதானாலும் முதலில் மாதிரிக் குப்பியைக் கேட்டு வாங்கி, வெயிலில் ஒரு நாளும் குளிர்ந்த இடத்தில் ஒரு நாளும் தோலில் பூசிப் பார்க்க வேண்டும். என் குப்பியில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. அதை அடுத்த ஜூலைக்காக, மேட்டுநிலக் குளிருக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.